அறிதலும் அறமும்: தைரொயிட்டு முடிச்சினை முன்வைத்து ஒரு நோக்கு

நோயை வேளையோடு கண்டறிதல் நன்று என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. வருமுன் காத்தலைப் பெருமையாகக் கொண்ட சமுதாயத்தில், அறியாமை தீது, அறிதல் நன்று என்னும் எண்ணம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டதொன்றாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. ஆயின், இவ்வெண்ணம் எவ்விடத்தும் பொருந்துமா? ஒன்றை அறிந்தபின் அதனை அறியாதிருந்த நிலைக்கு மீளவியலாது என்பது அறிவின் இயல்பு. அங்ஙனமாயின், ஒருவரது உடலினுள்ளே ஒன்றைத் தேடிக் காண முற்படுமுன், கண்டதை வைத்துக்கொண்டு யாது செய்யப்போகின்றோம் என வினாவுதல் தேடுபவரது கடமையாகாதா? இவ்வினாவை வெறுந் தத்துவ விசாரணையாக விடாது, இன்றைய மருத்துவத்திலே நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு சிறு பொருளை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கழுத்தின் முன்புறத்தே, தைரொயிட்டுச் சுரப்பியில் தோன்றும் முடிச்சே அப்பொருள்.

தைரொயிட்டுச் சுரப்பி குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவி, வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளை விரித்து வைத்தாற்போல் அமைந்திருப்பது. உணவின் வழி வரும் அயடீனைக் கொண்டு ஓமோன்களை ஆக்கி, உடலின் வெப்பத்தையும் வளர்ச்சியையும் இதயத்தின் துடிப்பையும் ஒழுங்குபடுத்துவது அதன் தொழில். சுரப்பி முழுவதும் பருப்பதைக் கழலை என நம் முன்னோர் அறிந்திருந்தனர். முழுவதும் பருக்காது, ஓரிடத்தில் மாத்திரம் இழையம் திரண்டு வேறாகத் தோன்றுமாயின் அது முடிச்சு எனப்படும். கையால் தடவிப் பார்க்குமிடத்து நூறு பேரில் ஏறத்தாழ ஐவரிடத்தே இத்தகைய முடிச்சு தட்டுப்படும். ஸ்கான் எனப் பொதுமக்கள் வழங்கும் கழியொலிக் கருவி கொண்டு நோக்கினாலோ, நூற்றுக்கு 19 முதல் 68 வரையானோரிடத்தே அது காணப்படும் என்பது பல்வேறு ஆய்வுகளின் முடிவு. பெண்களிடத்தும், வயது ஏறியோரிடத்தும் இது மிகுதி. நடுவயதைக் கடந்த பெண்கள் பலருக்கு முடிச்சு இருப்பது இயல்பான நிலைக்கு மிக அண்மித்தது எனலாம். இம்முடிச்சுகளுள் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. நூற்றில் ஐந்து முதல் பதினைந்து வரையானவையே புற்றுநோயாக இருத்தல் கூடும்.

இச்சிறுபான்மையைப் பெரும்பான்மையினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? வைத்தியர் முதலில் வரலாற்றை வினவுவார். இளமையிலே கழுத்துப் பகுதியிற் கதிர்வீச்சுப் பட்டதுண்டா, குடும்பத்தில் எவருக்கேனும் தைரொயிட்டுப் புற்றுநோய் இருந்ததா, முடிச்சு விரைந்து பெருத்ததா, குரல் கம்மியதா, விழுங்குவதில் இடருண்டா என்பன அவ்வினாக்கள். பின்னர் இரத்தப் பரிசோதனையால் சுரப்பியின் தொழிற்பாடு அறியப்படும். அடுத்துக் கழியொலிப் படத்திலே முடிச்சின் ஐந்து இயல்புகள் நோக்கப்படும். அது திண்மமானதா நீர் நிறைந்ததா, படத்தில் எவ்வளவு கருமையாகத் தோன்றுகின்றது, அகலத்தினும் உயரம் மிக்கதா, விளிம்பு சீரானதா, உள்ளே சுண்ணப் புள்ளிகள் உளவா என்பன அவை. 2017ஆம் ஆண்டு அமெரிக்கக் கதிரியல் கல்லூரி வகுத்த முறையின்படி, இவ்வியல்புகள் ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் இடப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகையைக் கொண்டு முடிச்சு ஐந்து படிகளுள் ஒன்றில் வைக்கப்படுகின்றது. மிக ஐயத்துக்குரிய படியில் உள்ளதாயினும், ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த முடிச்சில் ஊசி இடுதல் பொதுவாக வேண்டற்பாலதன்று என்பது அம்முறையின் விதி.

ஊசியிட்டுக் கலங்களை உறிஞ்சி எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவது அடுத்த படி. அங்குக் காண்பனவற்றை ஒழுங்குபடுத்த, 2007ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் பெதஸ்டா நகரிலே கூடிய அறிஞர் மாநாட்டின் வழியாக ஆறு வகுப்புகள் கொண்ட முறையொன்று உருவாயிற்று. 2023ஆம் ஆண்டு வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பின்படி, தீங்கற்றது எனக் கூறப்படும் இரண்டாம் வகுப்பில் புற்றுநோய்க்கான சராசரி நிகழ்தகவு நூற்றுக்கு 4; தெளிவின்மையைக் குறிக்கும் மூன்றாம் வகுப்பில் 22; நான்காம் வகுப்பில் 30; ஐந்தாம் வகுப்பில் 74; ஆறாம் வகுப்பில் 97. ஊசியில் போதிய கலங்கள் வாராத முதலாம் வகுப்பிலும் இது 13 ஆகும்.

இவ்வெண்கள் அரிய உழைப்பின் விளைவுகள், மதிக்கத்தக்கவை. இவற்றால் தேவையற்ற சத்திரசிகிச்சைகள் பல தவிர்க்கப்பட்டுள்ளன என்பதும் மறுக்கவியலாது. ஆயின் மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த முடிச்சுடைய ஒரு பெண்ணிடம், "உமக்குப் புற்றுநோய் இருப்பதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு இருபத்திரண்டு" என வைத்தியர் கூறுகையில், அவர் கூறியது யாது? அப்பெண்ணின் முடிச்சில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு புற்றுநோய் இல்லை. அது புற்றுநோயாக இருக்கின்றது, அன்றேல் இல்லை. எண் குறிப்பது அவளையன்று. அவளையொத்த நூறு பேரை. அந்நூறு பேரும் எங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்டனர் என்பதும் நோக்கத்தக்கது. ஒரு முடிச்சு உண்மையிற் புற்றுநோயா என்பது சத்திரசிகிச்சையின் பின்னரே துணியப்படுவதால், இவ்வீதங்கள் பெரும்பாலும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரிடமிருந்து பெறப்பட்டவை. ஐயம் மிக்கவர்களே அச்சிகிச்சைக்கு அனுப்பப்படுவராதலின், மூன்றாம் வகுப்பு முதலியவற்றில் எண் உண்மையினும் உயர்ந்து நிற்றல் இயல்பு. ஒவ்வொரு பொருளிலும் அதன் இயல்பு இடந்தருமளவுக்கே துல்லியத்தை எதிர்பார்த்தல் கற்றோர்க்கு அழகு என அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் தொடக்கத்திலேயே கூறிச் சென்றார். கணிதர் காட்டும் துல்லியத்தை வைத்தியரிடம் வேண்டுதல் தவறு. வைத்தியர் தம்மிடம் இல்லாத துல்லியத்தை எண்ணின் ஆடையுடுத்திக் காட்டுதல் அதனினும் தவறு.

நிகழ்தகவு கூட்டத்துக்குரியது, முடிவு தனியொருவருக்குரியது. இவ்விரண்டுக்குமிடையே உள்ள இடைவெளியை எந்தக் கருவியும் முற்றாக நிரப்புவதில்லை. அவ்விடைவெளியிலேதான் அறவியல் தன் வேலையைத் தொடங்குகின்றது. இதனை ஒரு நாட்டின் அனுபவங்கொண்டு விளக்கலாம்.

தென்கொரிய அரசு 1999ஆம் ஆண்டு நாடளாவிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமொன்றை ஆரம்பித்தது. அத்திட்டத்தில் தைரொயிட்டுப் பரிசோதனை இடம்பெறவில்லை. எனினும் வேறு பரிசோதனைகளுக்கென வருவோருக்கு, சிறுதொகைக் கட்டணத்துடன் கழுத்தையும் கழியொலிக் கருவியால் பார்த்துவிடும் வழக்கம் வைத்தியசாலைகளிற் பரவலாயிற்று. கருவி கையிலுள்ளது, நோவில்லை, செலவு சிறிது, பார்த்து வைத்தால் என்ன என்பதே அவ்வழக்கத்தின் நியாயம். 2011ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் தைரொயிட்டுப் புற்றுநோய் கண்டறியப்படும் வீதம் 1993ஆம் ஆண்டில் இருந்ததனைப் போல் 15 மடங்காயிற்று. அவ்வொரு ஆண்டில் மாத்திரம் 40,000க்கு மேற்பட்டோர் இந்நோயுடையோர் எனக் கூறப்பட்டனர். ஆயின் இந்நோயால் இறப்போரின் வீதமோ அக்காலம் முழுவதும் மாறாதே நின்றது. ஆண்டொன்றுக்கு இறந்தோர் சில நூற்றுவரே.

இவ்விரு கோடுகளையும் ஒருங்குவைத்து நோக்குவோர்க்கு உண்மை புலப்படும். உண்மையிலேயே கொடிய நோயொன்று பெருகியிருப்பின் இறப்பும் உடன் பெருகியிருத்தல் வேண்டும். வேளையோடு கண்டறிந்ததனால் உயிர்கள் காக்கப்பட்டிருப்பின் இறப்பு குறைந்திருத்தல் வேண்டும். இரண்டும் நிகழவில்லை. ஆகவே, கண்டுபிடிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை, கண்டுபிடிக்கப்படாதிருந்தாலும் எவரையும் வருத்தியிராதவை என்பதே துணிபு. அங்ஙனம் கண்டறியப்பட்டோர் ஏறக்குறைய யாவரும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டனர். மூவரில் இருவர் அளவினர் சுரப்பியை முழுமையாக இழந்தனர். சுரப்பியை முழுதும் இழந்தோர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் ஓமோன் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். சத்திரசிகிச்சை பெற்ற 15,000க்கு மேற்பட்டோரின் காப்புறுதிப் பதிவுகளை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 11 பேருக்கு அயலிலுள்ள பராதைரொயிட்டுச் சுரப்பிகள் பழுதுற்று உடலின் கல்சியச் சமநிலை குலைந்திருந்தது. நூற்றுக்கு 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. பாடுவோருக்கும் படிப்பிப்போருக்கும் குரல் என்பது வெறும் உறுப்பின் தொழிலன்று என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை.

2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நாட்டு வைத்தியர் குழுவொன்று, நோய்க்குறி இல்லாதோர்க்கு இப்பரிசோதனை வேண்டாவெனப் பொதுமக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தது. அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 2013இல் 43,000 அளவில் இருந்த சத்திரசிகிச்சைகள் 2014இல் 28,000 அளவுக்குக் குறைந்தன. 2017ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கான செயலணியும், நோய்க்குறியற்ற வளர்ந்தோரிடத்தே தைரொயிட்டுப் புற்றுநோயைத் தேடிப் பரிசோதித்தல் ஆகாது எனப் பரிந்துரைத்தது.

கொரியாவில் நிகழ்ந்ததற்கான காரணம் அதற்கு முன்னரே பின்லாந்தில் அறியப்பட்டிருந்தது. அங்கு வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டுச் சுரப்பிகளை 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளியில் வெட்டி ஆராய்ந்தவர்கள், அவர்களுள் 36 பேரிடத்தே மிகச் சிறிய புற்றுநோய்கள் இருக்கக் கண்டனர். 1985ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு, இத்தகைய சிறு புற்றுநோயை இயல்பான காட்சியாகவே கொள்ளலாம் என்னும் முடிவுக்கு வந்தது. அம்முப்பத்தாறு பேரும் இதனை உடலிற் கொண்டே வாழ்ந்து, இதனை அறியாமலே, இதனாலன்றிப் பிறிதொன்றால் இறந்தனர்.

இங்கே நம் மரபின் அளவை நூலார் வகுத்த பாகுபாடு பயன்தரும். காட்சியைப் பற்றி ஆராய்ந்த சைவசித்தாந்த நூல்கள் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என இரு குற்றங்களைக் கூறுவன. இருளில் நிற்பது தறியோ மனிதனோ எனத் தடுமாறுதல் ஐயம். கயிற்றைப் பாம்பெனக் கொள்ளுதல் திரிபு. அன்றியும், பெயர் முதலிய வேறுபாடுகளின்றி ஒன்று உண்டு என மாத்திரம் காணுதல் நிருவிகற்பக்காட்சி எனவும், பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்பவற்றோடு கூட்டிக் காணுதல் சவிகற்பக்காட்சி எனவும் அவை பிரிக்கும். கழியொலிப் படத்தில் முதன்முதல் தோன்றும் நிழல் ஏறத்தாழ நிருவிகற்பக்காட்சி போன்றது. புற்றுநோய் எனப் பெயர் சூட்டியவுடன் அது சவிகற்பமாகின்றது. பெயரோடு சாதியும், சாதியோடு குணமும், குணத்தோடு தொழிலும் வந்து சேர்கின்றன. அத்தொழில் கொல்லுதல் என்பதே கேட்போர் மனத்தில் முதலில் எழுவது.

தென்கொரியாவில் நேர்ந்த பிழை ஐயமுமன்று, திரிபுமன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. நுணுக்குக்காட்டியில் நோக்கியவர் கயிற்றைப் பாம்பெனக் கூறவில்லை. அவர் கண்டது மெய்யாகவே பாம்பு. ஆயின் நஞ்சற்ற பாம்பு. பிழை காட்சியில் இல்லை, கருதலில் உள்ளது. புகை கண்டவிடத்து நெருப்புண்டு எனக் கருதுதல் முறையே. ஆயினும் அந்நெருப்பு அடுப்பிலே அடங்கி எரிவதா, கூரையைப் பற்றி எரிவதா என்பதைப் புகை கூறாது. கலத்தின் உருவைக் கொண்டு சாதியைத் துணியலாம். சாதியைக் கொண்டு அம்முடிச்சின் வருங்கால ஒழுக்கத்தைத் துணிவதற்கு வேறு சான்று வேண்டும்.

பெயரின் வலிமையை மருத்துவரே உணர்ந்து செயற்பட்டமைக்கு எடுத்துக்காட்டும் உண்டு. உறை சூழ்ந்து, அயலிழையத்தினுட் புகாதிருக்கும் ஒருவகைத் தைரொயிட்டுக் கட்டி நெடுங்காலம் புற்றுநோய் என்றே வழங்கி வந்தது. இதனை அனைத்துலக நோயியல் அறிஞர் குழுவொன்று மீளாய்வு செய்தது. இக்கட்டியுடைய 109 பேர் 10 முதல் 26 ஆண்டுகள் வரை கவனிக்கப்பட்டிருந்தனர்; அவர்களுள் ஒருவருக்கேனும் நோய் மீளவில்லை. எனவே 2016ஆம் ஆண்டு அவ்வறிஞர்கள் அதன் பெயரினின்றும் புற்றுநோய் என்னும் சொல்லையே நீக்கிவிட்டனர். 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடும் அதனை ஏற்றது. கட்டியில் ஒரு கலமேனும் மாறவில்லை. மாறியது சொல் மாத்திரமே. அச்சொல் மாற்றத்தால் அதனையுடையோரின் அச்சமும், அவர்களுக்கு அளிக்கப்படும் சிகிச்சையின் அளவும் மாறின. பெயரிடுதல் வெறும் விவரித்தலன்று, அதுவும் ஒரு செயலே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, இக்கருத்துக்கு எதிரான நியாயத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். தைரொயிட்டுப் புற்றுநோயால் இறப்போரும் உளர். அனபிளாஸ்டிக் எனப்படும் அரிய வகை, கண்டறியப்பட்ட சில மாதங்களுள்ளேயே பலரின் உயிரைக் கொள்வது. குடும்பவழி வரும் வகையொன்றும் உண்டு. அதனை இளமையிலேயே அறிந்து சுரப்பியை அகற்றுதல் உயிர்காக்கும் செயலாகும். 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணு உலை வெடித்தபின், கதிரியக்க அயடீன் கலந்த பாலைப் பருகிய குழந்தைகளிடையே தைரொயிட்டுப் புற்றுநோய் மெய்யாகவே பெருகியது. இவ்வாறிருக்க, "தேடாதிரு" எனக் கூறுதல் காக்கக்கூடிய ஓர் உயிரையேனும் கைவிடுவதாகாதா? நூறு பேர் வீணாக வருந்தினும் ஓருயிர் காக்கப்படின் அது தகும் என ஒருவர் வாதிடலாம்.

இவ்வாதம் வலியது. இதனை எண்களால் மாத்திரம் வெல்லவியலாது. ஆயின் இதனுள்ளே மறைந்து நிற்கும் ஒரு சமனின்மையைச் சுட்டுதல் வேண்டும். தவறவிடப்பட்ட நோயாளிக்கு முகமுண்டு, பெயருண்டு, அழுகின்ற சுற்றமுண்டு. தேவையின்றிச் சிகிச்சை பெற்றவருக்கோ அத்தகைய முகம் இல்லை. ஏனெனில் அவர் தம்மைக் காப்பாற்றப்பட்டவர் என்றே நம்புகின்றார். அவர் ஆபத்தில் இருந்ததேயில்லை என அவருக்குக் காட்டும் வழியும் எவரிடத்தும் இல்லை. மிகைக் கண்டறிதல் என்பது கூட்டத்தின் எண்களில் மாத்திரம் தெரிவது. தனியொருவரிடத்தே ஒருபோதும் தெரியாதது. சிகிச்சைக்கு முன்னர் எண்ணுக்கும் ஆளுக்குமிடையே இருந்த அதே இடைவெளி, சிகிச்சைக்குப் பின்னரும் மறுபுறமிருந்து தோன்றுகின்றது. ஆதலால் ஒவ்வொரு தேவையற்ற சிகிச்சையும் தன்னைத் தானே நியாயப்படுத்திக்கொண்டு, அடுத்த தேடலுக்குச் சான்றாகவும் நிற்கின்றது. நன்றி கூறுவோர் பெருகப் பெருக வைத்தியரின் மனச்சாட்சியும் அமைதியுறுகின்றது. தவறவிட்ட வைத்தியரை உலகம் பழிக்கும். மிகையாக வெட்டிய வைத்தியரை உலகம் வாழ்த்தும். இத்தகைய சூழலில் அறம் தன்னியல்பாக வழுவாது நிற்கும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

ஆகவே, இரு நிலைகளைப் பிரித்து நோக்குதல் இன்றியமையாதது. கழுத்திலே முடிச்சு தட்டுப்பட்டோ, குரல் மாறியோ, குடும்ப வரலாற்றால் அச்சமுற்றோ ஒருவர் வைத்தியரை நாடி வருவது ஒரு நிலை. அங்கு ஐயம் ஏற்கெனவே பிறந்துவிட்டது. அதனைத் தீர்ப்பது வைத்தியரின் கடன். ஆராயாது "ஒன்றுமில்லை" என அனுப்புதல் குற்றம். செர்னோபிலின் குழந்தைகளும் குடும்பவழி நோயுடையோரும் இந்நிலையைச் சார்ந்தவர்களே. அவர்களிடத்தே ஐயத்துக்குக் காரணம் வெளியே உளது. யாதொரு குறையுமின்றி வாழ்வோரை மருத்துவம் தானே அழைத்துத் தேடுவது மற்றொரு நிலை. அங்கு ஐயத்தைத் தோற்றுவிப்பதே மருத்துவந்தான். ஐயத்தைத் தோற்றுவித்தவருக்கே அதனைத் தீர்க்கும் கடனும் உரியது. தீர்க்கும் ஆற்றல் தம்மிடம் இல்லையெனின், தோற்றுவியாதிருத்தலும் கடனேயாம். "தேடாதிரு" என்னும் விலக்கு இவ்விரண்டாம் நிலைக்கே உரியது. முதலாம் நிலையில் உள்ளோர் அதனைத் தமக்குரியதாகக் கொண்டு வாளாவிருத்தல் பெருந்தவறாகும்.

தேடுவதற்கு முன் தயங்குதல் தகும். ஆயின் கண்டபின் யாது செய்வது? வெட்டுதல், விட்டுவிடுதல் என்னும் இரண்டைத் தவிர மூன்றாவது வழியொன்றை யப்பானியர் காட்டினர். கோபே நகரிலுள்ள கூமா வைத்தியசாலையில், அக்கிரா மியாவுச்சி என்னும் சத்திரசிகிச்சை நிபுணரின் முன்மொழிவின் பேரில், 1993ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத, தாழ்ந்த ஆபத்துடைய பப்பிலரி வகைப் புற்றுநோய்களை உடன் வெட்டாது காலந்தோறும் கவனித்து வரும் முறை கைக்கொள்ளப்பட்டது. மூச்சுக்குழாயையோ குரல்நாணுக்குச் செல்லும் நரம்பையோ அண்மியவையும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியவையும் இதற்கு உட்படுத்தப்படவில்லை. 2014இல் வெளியிடப்பட்ட 1,235 பேரின் வரலாற்றில், பத்தாண்டு முடிவில் முடிச்சு 3 மில்லிமீற்றரேனும் வளர்ந்தோர் நூற்றுக்கு 8 பேர். நிணநீர்க் கணுக்களிற் புதிதாகப் பரவல் தோன்றியோர் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. நோய் முன்னேறும் இயல்பு இளையோரிடத்தே சற்று மிகுதியாகவும், 60 வயதைக் கடந்தோரிடத்தே மிகக் குறைவாகவும் இருந்தது. பின்னர் வெட்ட வேண்டி வந்தோருக்கும், காத்திருந்ததனால் பெருங்கேடு நேரவில்லை.

இம்முறையைச் செயலின்மை எனக் கொள்ளுதல் தவறு. குறித்த காலத்தில் பார்த்தல், அளந்து பதிதல், மாற்றம் தோன்றின் தீர்மானித்தல் என்பன அனைத்தும் செயல்களே. கண்ட பெயருக்கு அஞ்சி உடன் வெட்டுவதினும் இக்காத்திருத்தலுக்கு மிகுந்த மனவுறுதி வேண்டும். அவ்வுறுதி நோயாளிக்கு மாத்திரமன்று, வைத்தியருக்கும் வேண்டும். அதே வேளை இம்முறை யாவருக்கும் உகந்ததன்று. கழுத்தில் ஒன்று உளது என்னும் நினைவு நாள்தோறும் உறுத்த, உறக்கமின்றி வாழும் ஒருவருக்கு, அச்சிறு முடிச்சை அகற்றிவிடுதலே நன்மை பயக்கலாம். எதனைப் பொறுத்துக்கொள்ளல் இயலும், எதனை இயலாது என்பதை அறிந்தவர் அந்நோயாளியே. ஒரே எண் இருவர்க்கு இருவேறு முடிவுகளைத் தருதல் நியாயமே. எண் ஒன்றாயினும் வாழ்க்கை வேறு.

நம் நாட்டுக்கும் இவ்விசாரணை புறம்பானதன்று. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் அயடீன் குறைவால் கழலை பரவலாக இருந்தமை பல ஆண்டுகளாக அறியப்பட்டது. 1995ஆம் ஆண்டு தொடக்கம் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. அண்மைய புற்றுநோய்ப் பதிவேடுகளில் பெண்களிடையே மார்புப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் தைரொயிட்டுப் புற்றுநோய் காணப்படுகின்றது. இப்பெருக்கத்தில் நோயின் பங்கு எவ்வளவு, நோக்கின் பங்கு எவ்வளவு என்னும் வினாவைக் கொரிய அனுபவத்தை அறிந்த எவரும் எழுப்பாதிருக்க இயலாது.

இதனுடன் நம் சமுதாய வழக்கமொன்றும் சேர்த்து எண்ணத்தக்கது. புற்றுநோய் என்னும் சொல் நம்மிடையே நோயாளியைத் தவிர மற்றெல்லாரிடமும் முதலிற் கூறப்படுவது. கணவரோ மூத்த மகனோ வைத்தியரைத் தனியே கண்டு கேட்டறிவர். நோயாளியிடம் "சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரி" என்பர். அன்பினால் செய்யப்படுவதாயினும், இதன் விளைவு யாதெனில், காத்திருத்தல் என்னும் வழி அவளுக்குக் காட்டப்படாமலே அடைக்கப்பட்டுவிடுகின்றது. தன் கழுத்தில் என்ன இருக்கின்றது என்பதை அறியாத ஒருவரிடம், வெட்டுவதா காத்திருப்பதா என எவ்வாறு வினவவியலும்? மறுபுறத்தே, வேண்டாத தேடலால் கண்ட ஒன்றை, பெயருடனும் அச்சத்துடனும் அவள்மீது சுமத்துவதும் அன்பாகாது. மறைத்தலும் மிகைத்தலும் வெவ்வேறு குற்றங்களாயினும், இரண்டும் அவளது தீர்மானத்தை அவளிடமிருந்து பறிப்பனவே.

மேற்கூறியவற்றால் பெறப்படும் கடமைகள் மூன்று. தேடுமுன், காண்பதனால் எவருக்கு என்ன பயன் என வினாவுதல் முதலாவது. கண்டபின், எண்ணை முழுமையாகக் கூறுதல் இரண்டாவது. "புற்றுநோயாக இருக்கலாம்" என்பது அரைக்கூற்று. "உம்மைப் போன்ற நூறு பேரில் எழுபத்தெட்டுப் பேருக்கு அது புற்றுநோயன்று, எஞ்சியோருள்ளும் மிகப் பெரும்பாலானோர் அதனால் இறப்பதில்லை, ஆயினும் சிலர்க்கு அது பரவலாம்" என்பதே முழுக்கூற்று. முடிவை நோயாளியின் கையிலே விடுத்து, அம்முடிவு காத்திருத்தலாயின் அவருடன் தாமும் காத்திருத்தல் மூன்றாவது. இம்மூன்றும் வைத்தியருக்கு மாத்திரம் உரியனவல்ல. பரிசோதனையை நன்கொடையெனக் கருதி ஊரவரை வரிசையில் நிறுத்தும் பொதுநல அமைப்புகளுக்கும், "ஒருமுறை பார்த்து விடுங்கோ" என உறவினரை ஏவும் நம் ஒவ்வொருவருக்கும் உரியன.

அறிவைத் தேடுதல் அறமே. ஆயின் பிறரது உடலிலே அறிவைத் தேடுவோர், அவ்வறிவின் சுமையைச் சுமக்கப்போவது தாமல்லர், அப்பிறரே என்பதை மறத்தலாகாது. வெட்டுதல் செயலாதல் போலவே காணுதலும் பெயரிடுதலும் செயல்களாதலின், கத்திக்குக் கணக்குக் கூறுவோர் கருவிக்கும் சொல்லுக்கும் கணக்குக் கூறவேண்டியவராவர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.